கப்பல் சுற்றுலா: கரையில் இறங்குவது, இன்சூரன்ஸ் எடுப்பது – ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் அறை எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் கைக்காசு கரைவதும் பயணம் குலைவதும் பெரும்பாலும் கப்பலுக்குள் நடப்பதில்லை, இறங்கிப் போகிற ஊர்களில் நடக்கிறது. அதனால் கரைச் சுற்றுலாவையும் டிராவல் இன்சூரன்ஸையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கப்பல் நிற்கும் துறைமுகங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊரில் என்ன செய்யப் போகிறோம் என்று ஓரளவு முடிவு செய்துவிட்டுப் பாலிசியைப் படித்தால்தான் அதில் எந்த வரி நமக்கு முக்கியம் என்று தெரியும். கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி, பரமக்குடி பக்கத்துக் குடும்பங்கள் கேட்பவற்றை வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

இந்தக் கப்பல் நம்ம ராமேஸ்வரம் பக்கம் வருமா? எங்கே போய் ஏற வேண்டும்?

வராது. பாக் நீரிணையும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல் திட்டுகளும் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாதவை. வங்கக் கடலிலிருந்து அரபிக் கடலுக்குப் போகிற பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. நாம் சென்னை, கொச்சி, மும்பைக்குப் போய் ஏற வேண்டும். இல்லாவிட்டால் மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய் அங்கே ஏற வேண்டும்.

கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே அந்த ஊரில் இருங்கள். வாடைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. காற்று வலுத்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். புயல் சின்னம் என்றால் ரயில்கள் ரத்தாகும், விமானமும் தாமதமாகும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. விமானம் தாமதமானதால் கப்பலைத் தவறவிட்டால் சில பாலிசிகள் பணம் தரும், ஆனால் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதமாகியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். முதல் நாள் இரவு ஓட்டல் வாடகை அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட மலிவு.

கரைச் சுற்றுலாவைக் கப்பல் கம்பெனியிடமே வாங்குவதா, நாமே ஏற்பாடு செய்துகொள்வதா?

ஊரைப் பொறுத்தது. துறைமுகத்துக்கும் நீங்கள் பார்க்க நினைக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்கள் நிற்கும் பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் எதிரிலேயே இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மகா மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியா எல்லாம் நடந்தே பார்க்கலாம். நம் கரையிலிருந்து போன மரைக்காயர்களும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்த தெருக்கள் அவை. தமிழிலேயே வழி கேட்கலாம். இங்கே கப்பலின் பஸ்ஸுக்குப் பணம் கட்டுவது வீண்.

பாங்காக் அப்படியில்லை. "பாங்காக்" என்று அட்டவணையில் போட்டிருந்தாலும் பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சபாங்கில். அங்கிருந்து நகரத்துக்குச் சாலையில் சுமார் 2 மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். இத்தாலியில் "ரோம்" என்று போட்டிருந்தால் இறங்கப்போவது சிவிட்டாவெக்கியா, ரோமுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஊர்களில் முதல் தடவை போகிறவர்கள் கப்பலின் சுற்றுலாவிலேயே போவது நல்லது. விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஓர் உறுதி: கப்பல் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், அப்படியே கிளம்ப வேண்டி வந்தாலும் அடுத்த ஊருக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் பிடித்த டாக்சி தாமதமானால் அது உங்கள் பாடு.

சில சொகுசு நிறுவனங்களில் இந்தக் கேள்விக்கே பாதி இடமில்லை. ரீஜென்ட் செவன் சீஸ் கட்டணத்தில் கரைச் சுற்றுலாக்களும் அடக்கம். வைக்கிங்கில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா சேர்ந்தே வரும், ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அவர்கள் ஏற்றுவதில்லை, குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கப்பலுக்கு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். அந்தக் கெடுவை இறங்கும் இடத்திலேயே பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். நீங்களே ஏற்பாடு செய்த பயணம் என்றால், அந்தக் கெடுவுக்கும் 2 மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுவதாகத் திட்டமிடுங்கள்.

நேரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து நேரம் ஒன்றரை மணி நேரம்தான் முன்னால். சிங்கப்பூரில் கிளம்பிய கப்பல் புக்கெட்டுக்குப் போகும்போது சில சமயம் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். ஆனால் கரையில் கால் வைத்ததும் உங்கள் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். போனில் 4 மணி என்று பார்த்துக் கடையில் நிதானமாகப் பேரம் பேசிக்கொண்டிருப்பீர்கள், கப்பலில் அப்போது 5 மணி. கப்பல் நேரம் என்ன என்று இறங்கும்போது கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் அதை வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நேரம்தான் செல்லும்.

அப்படியும் கப்பல் போய்விட்டால்?

பதறாமல் துறைமுகத்துக்கே போய், அந்த ஊரில் கப்பல் கம்பெனியின் வேலைகளைக் கவனிக்கும் போர்ட் ஏஜென்ட்டைப் பிடியுங்கள். அவருடைய போன் எண் கப்பலில் தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். இறங்கும் முன் அந்தத் தாளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் கப்பல் ஊழியர்கள் அறைப் பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தேடி, ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பல நிறுவனங்களில் வழக்கம். அடுத்த துறைமுகம் வரை போகும் விமானம், ஓட்டல், தேவைப்பட்டால் விசா, எல்லாம் உங்கள் செலவு. கடைவீதியில் நேரம் போனதே தெரியவில்லை என்பதற்கு எந்த இன்சூரன்ஸும் பணம் தராது. விபத்து, ஆஸ்பத்திரி அட்மிஷன் போன்ற காரணம் என்றால் பாலிசியைப் பொறுத்துக் கேட்டுப் பார்க்கலாம், அதற்கும் எழுத்தில் சான்று வேண்டும்.

ஆசியத் தடங்களில் பல கப்பல்கள் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால் கலர் நகல் ஒன்று பையிலும், போட்டோ ஒன்று போனிலும் எப்போதும் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து இலங்கை போகும் கப்பலில் எங்கே இறங்கலாம்? நல்லூர், கோணேஸ்வரம் பார்க்க முடியுமா?

2023 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் போனது. தடங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், பதிவு செய்யும்போது உள்ள அட்டவணையைப் பாருங்கள். இந்த மூன்று ஊர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஆட்கள் அதிகம் ஆசைப்படுவது இங்கேதான்.

காங்கேசன்துறையில் இறங்கினால் பக்கத்திலேயே கீரிமலை. நகுலேஸ்வரர் கோயிலும், கடலை ஒட்டிய நன்னீர் ஊற்றுக் கேணியும் அங்கே இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடுகிறவர்களுக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போகும். யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயில் சாலையில் 20 கிலோமீட்டருக்குள்தான். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், ஒரு துண்டோ வேட்டியோ எடுத்துப் போங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம், மொழிப் பிரச்சினையும் இல்லை. இங்கே நாமே வண்டி பேசிக்கொள்வதில் பயம் வேண்டாம்.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் போய் மேலே ஏறினால் சுவாமி மலையில் கோணேஸ்வரம். சம்பந்தர் பாடிய தலம். வழியெல்லாம் புள்ளிமான்கள் திரியும். கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கும் நேரமும் நடை திறந்திருக்கும் நேரமும் பொருந்தவில்லை என்றால் வெறும் கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அம்பாந்தோட்டையில் கதிர்காமம் போக ஆசைப்படுவார்கள். போகலாம், ஆனால் பூஜை நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் கணக்குப் போட்டபின். யால காட்டையும் கதிர்காமத்தையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எல்லா ஊரிலும் இறங்க முடியுமா?

அட்டவணையில் "டெண்டர்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கப்பல் கரையை அணையாமல் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள் என்று அர்த்தம். பெரிய கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்குக் கால் மாற்றி வைக்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் கை பிடிப்பார்கள், ஆனாலும் படகு ஏறி இறங்கும் அந்த ஒரு நொடியில் அவர்களாகவே எடை தாங்கி நிற்க முடிய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை அலை இருக்கும்போது ஏற்றவே மாட்டார்கள். புக்கெட்டின் படோங்கில் இப்படித்தான். கிரீஸின் சாந்தோரினியில் படகில் இறங்கியபிறகும் செங்குத்துப் பாறை மேல் கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். முதியவர்களோடு போகிறவர்கள் துறையில் நேரடியாகக் கட்டும் ஊர்கள் அதிகம் உள்ள தடத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

விசா ஒரு தடவை போதுமா?

பெரும்பாலும் போதாது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். துபாயும் அப்படியே. கிரீஸ், துருக்கி, மறுபடி கிரீஸ் என்று போகும் கப்பலுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பலமுறை நுழைவு கொண்டதாக இருக்க வேண்டும், விண்ணப்பத்திலேயே அப்படிக் கேட்க வேண்டும். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பலில் இருந்து இறங்க மாட்டேன், விசா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். விசா இல்லாதவரைக் கப்பலே ஏற்றாமல் விடலாம்.

மெடிக்ளைம் இருக்கிறது, முதல்வர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. டிராவல் இன்சூரன்ஸ் வேறு எதற்கு?

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டில் செல்லாது. சாதாரண மெடிக்ளைம் பாலிசிகளும் பெரும்பாலும் இந்திய எல்லைக்குள்தான். கப்பலில் டாக்டர் இருப்பார், சிகிச்சை அறையும் இருக்கும், ஆனால் அது இலவசம் இல்லை. ஊசி போட்டால், குளுக்கோஸ் ஏற்றினால், டாலர் கணக்கில் உங்கள் அறைக் கணக்கிலேயே ஏறிவிடும். இறங்கும் முன் நீங்கள் கட்டிவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸிடம் திரும்ப வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் கப்பல் டாக்டர் முதலுதவி செய்து நிலைப்படுத்தத்தான் முடியும். அப்புறம் அருகிலுள்ள ஊரில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், சில சமயம் கடலிலிருந்தே ஹெலிகாப்டரில் கொண்டுபோவார்கள். அங்கிருந்து நர்ஸ் துணையோடு படுக்கையில் மதுரைக்கோ சென்னைக்கோ விமானத்தில் கொண்டுவர ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே துடைத்துவிடும். பாலிசியில் நான் முதலில் தேடச் சொல்வது "அவசர மருத்துவ வெளியேற்றம்" என்ற வரியைத்தான். பெட்டி தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்பது கடைசியில் பார்க்க வேண்டியது.

எவ்வளவு தொகைக்கு எடுக்கலாம்? பாலிசியில் எதைப் படிக்க வேண்டும்?

ஆசியத் தடங்களுக்கே 1,00,000 டாலருக்குக் குறையாமல் எடுங்கள் என்பேன். 50,000 டாலர் பாலிசிக்கும் இதற்கும் பிரீமியத்தில் வரும் வித்தியாசம் கரையில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அலாஸ்கா, கரீபியன் என்று போனால் "அமெரிக்கா, கனடா நீங்கலாக" என்று போட்ட மலிவுப் பாலிசி உதவாது.

அப்புறம், கப்பல் தொடும் எல்லா நாடுகளும் பாலிசியில் வர வேண்டும். கப்பல் பயணத்துக்கும் செல்லும் என்று எழுத்தில் இருக்க வேண்டும், சில நிறுவனங்களில் க்ரூஸ் கவர் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் நாளில் தொடங்கி, திரும்பி வருவதாக நினைக்கும் நாளுக்கு மேல் இரண்டு நாள் சேர்த்து எடுங்கள்.

சுகர், பிரஷர் இருப்பதைச் சொன்னால் பிரீமியம் கூடுமே?

கூடட்டும், சொல்லிவிடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நேரத்தில் வெறும் காகிதம். சொன்னாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிர் ஆபத்தான கட்டத்தில் மட்டும் பணம் தரும் பாலிசிகள் நிறைய, அந்த வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும், கைப்பையில் வையுங்கள். ஏறும்போது ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும்.

கர்ப்பிணிகள்: பயணம் முடிவதற்குள் 24 வாரத்தை எட்டிவிடுபவர்களைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை.

மகன் துபாயில் இருக்கிறான். அவனே எங்களுக்கும் சேர்த்து அங்கே இன்சூரன்ஸ் எடுத்துவிடலாமா?

கீழக்கரை, பனைக்குளம் பக்கம் இது அடிக்கடி வரும். பெற்றோர் இங்கிருந்து போய்த் துபாயில் மகன் குடும்பத்தோடு கப்பல் ஏறுவார்கள். உங்கள் பயணம் இந்தியாவில் தொடங்கி இந்தியாவில் முடிகிறது, அதனால் உங்களுக்கு இங்கேயே, விமானம் ஏறும் முன்பே எடுங்கள். நாட்டை விட்டுப் போனபின் இந்தியப் பாலிசி புதிதாக எடுப்பது பொதுவாக நடக்காது. மகனும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே குடியிருப்பவர்கள், அவர்கள் அங்கேதான் எடுக்க வேண்டும். இரண்டு பாலிசிகளின் அவசர எண்களையும் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள். அத்தாவுக்கு மயக்கம் வந்த நேரத்தில் யாருடைய பாலிசி யாருக்கு என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

திடீரென்று போக முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பாலிசியில் எழுதிய காரணங்களுக்கு மட்டும். உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ ஆஸ்பத்திரி அட்மிஷன், மரணம் போன்றவை பொதுவாக வரும். புயல் வரும்போல இருக்கிறது, மனசு சரியில்லை, கல்யாணத் தேதி மாறிவிட்டது என்பவை வராது. கப்பல் கம்பெனியும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் முன்பணம் கட்டிய வாரத்திலேயே இன்சூரன்ஸையும் எடுங்கள்.

நாங்கள் கடலில் வளர்ந்தவர்கள். முக்குளிக்க, ஜெட் ஸ்கீ ஓட்ட இன்சூரன்ஸ் எதற்குத் தடுக்கிறது?

உங்கள் நீச்சலை அவர்கள் சந்தேகப்படவில்லை. ஸ்கூபா, ஜெட் ஸ்கீ, பாராசெய்லிங் போன்றவற்றைப் பல பாலிசிகள் சாகச விளையாட்டு என்று விலக்கியிருக்கின்றன. கூடுதல் பிரீமியம் கட்டினால் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். மன்னார் வளைகுடாவை அறிந்தவருக்கும் அந்தமான் கடலின் நீரோட்டம் புதிதுதான், அந்த ஊர் ஆள் சொல்வதைக் கேளுங்கள்.

வாடகை ஸ்கூட்டர் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதி நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலமே வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டி விழுந்தால் ஆஸ்பத்திரி பில் முழுவதும் உங்கள் தலையில்.

கப்பல் ஒரு ஊரில் நிற்காமலே போய்விட்டால்?

அலை, காற்று, துறைமுகப் பிரச்சினை என்று கேப்டன் ஒரு ஊரைத் தவிர்க்கலாம். டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை அவருக்கு உண்டு. துறைமுக வரியும் கப்பலிடம் வாங்கிய சுற்றுலாப் பணமும் திரும்ப வரும். வெளியே கட்டிய முன்பணம் வராமல் போகலாம், அதனால் கப்பல் வராவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதித் தருபவரிடம் மட்டும் பதிவு செய்யுங்கள்.

கருவாடு, ஊறுகாய் கொண்டுபோகலாமா?

கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கப்பலிலிருந்து உணவுப் பொருளைக் கரைக்கு எடுத்துப் போவதைப் பல நாடுகள் தடுக்கின்றன, அபராதமும் உண்டு. இஸ்திரிப் பெட்டியையும் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். ஹலால் சாப்பாடோ சுத்த சைவமோ வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள்.

போனை ஆன் செய்தே வைத்திருக்கலாமா?

கடலில் ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கப்பலின் சாட்டிலைட் வழி சிக்னல் உங்கள் சாதாரண ரோமிங் பேக்கில் வராது, பில் பயங்கரமாக வரும்.

கிளைம் செய்ய என்னென்ன காகிதம் வேண்டும்? மறுத்துவிட்டால் எங்கே போவது?

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே இன்சூரன்ஸின் அவசர எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் தரும் பதிவு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கப்பல் டாக்டரின் அறிக்கை, என்ன சிகிச்சைக்கு எவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்த பில், அறைக் கணக்கில் நீங்கள் பணம் கட்டியதற்கான ரசீது, இவை மூன்றையும் இறங்கும் முன்பே வரவேற்பு மேசையில் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு மெயில் அனுப்பி வாங்குவது பெரும்பாடு. திருட்டு என்றால் அந்த ஊர் போலீஸிடம் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்து நகல் வேண்டும். விமானத்தில் பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அந்த நிறுவனத்திடம் எழுதி வாங்க வேண்டும். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கிளைமை மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்திலும் பதியலாம். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பாளர்) போகலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். அவர் தரும் தீர்ப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அதில் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது.